விழாத சரிவு

புதிதாக ஓவர்சியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் அளவெடுப்பதைப் பற்றியோ பில் போடுவதைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நாங்கள் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். நீங்கள் வீட்டின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்தால், அது எந்த இடம் என்று போனே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த இடத்தில் வீடு கட்டலாமா கூடாதா என்று அது சொல்வதில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, சொன்னதோடு வாழவும் வேண்டும். இந்த இரண்டாவதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ராசிபுரத்துக்காரனான நான் என் பணிக்காலத்தின் கடைசி வருடங்களைக் கொல்லிமலை யூனியன் ஆபீஸில் கழித்தேன். அரசு பணம் கொடுத்துக் கட்டுகிற தொகுப்பு வீடுகள்தான் என் பொறுப்பு. கடைக்கால் போட்டால் கொஞ்சம், சன்னல் மட்டம் வந்தால் கொஞ்சம், தளம் போட்டால் கொஞ்சம் என்று பணம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் நான் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை. அரசு கொடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மலைமேல் யாரும் வீடு கட்டிவிட முடியாது. கீழே ஒரு விலை விற்கும் மணல், வளைவு வளைவாக லாரியில் ஏறி வருவதற்குள் வேறு விலையாகிவிடும். மிச்சத்தை அவர்கள் சேர்த்துத்தான் ஆக வேண்டும். அப்படிச் சேர்த்த ஒரு குடும்பத்தின் கதை இது.

கொல்லிமலையிலேயே வாழவந்தி நாடு என்கிற ஊரைச் சேர்ந்தவர் செல்வராசு. மனைவி பொன்னாயி. ஒரே மகள் கௌசல்யா, ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். செல்வராசுவின் அண்ணன் வீட்டில் ஓர் அறையில்தான் இவர்கள் குடியிருந்தார்கள். அறை என்றால் சுவர் கிடையாது, சேலையைக் கட்டித் தொங்கவிட்ட தடுப்பு. மகள் பெரியவளான பிறகு, லீவுக்கு வந்தால் உடை மாற்றவும் படுக்கவும் பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஒரு லீவில் அவள் வரவே இல்லை. ஹாஸ்டலிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் வீடு கட்டியே தீருவது என்று முடிவெடுத்ததாகப் பொன்னாயி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

செல்வராசு போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனார். நாமக்கல் பக்கத்து வண்டிகள் வடக்கே மாநிலம் மாநிலமாகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும். ஏறிப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை. போனில் மனைவி பேசுவது புரியாது. அதனால் பொன்னாயி ஒவ்வொரு மாதமும் ஒரே சொல்லைத்தான் போனில் கத்துவாராம்: "போட்டாச்சு!" அவர் அனுப்பிய பணத்தைக் கணக்கில் போட்டாச்சு என்று அர்த்தம். அந்தப் பக்கம் அவர் "சரி சரி" என்று சிரிப்பாராம். அவ்வளவுதான் அவர்கள் குடும்பப் பேச்சு.

பொன்னாயியும் சும்மா இருக்கவில்லை. நூறு நாள் வேலை, மிளகு பறிப்பு, சீசனில் ரோட்டோரம் உட்கார்ந்து அன்னாசி விற்பது என்று எல்லாம் செய்தார். மகளுக்கு வாங்குவதைத் தவிரப் புதுத்துணி எடுப்பதையே விட்டுவிட்டார்கள். இப்படி வருடங்கள் சேர்த்து, சொந்தத்தில் ஒருவரிடம் கொஞ்சம் இடம் வாங்கினார்கள். ரோட்டை ஒட்டிய இடம். பஸ் நிற்கும் இடம் பக்கம். ஊரே அவர்களைப் பாராட்டியது. நானும்தான் பாராட்டினேன். கடைக்காலுக்கு நூல் பிடித்த அன்று எனக்கு அங்கே எந்தக் குறையும் தெரியவில்லை. வெயில் காலம். பின்னாலிருந்த சரிவு காய்ந்து, புல் மூடி, சாதுவாகக் கிடந்தது.

செல்வராசு அந்த வருடம் ரிக்குக்குப் போகவில்லை. கல் சுமந்தார், சித்தாள் வேலையையும் அவரே பார்த்தார். சுவர் சன்னல் மட்டம் வரை எழும்பியது. ஐப்பசி மழை தொடங்கியது.

அடுத்த தவணைக்கு அளவெடுக்கப் போனேன். நாலைந்து நாள் அடைமழைக்குப் பிறகு சற்றே வெளுத்த காலை அது. வீட்டின் பின்பக்கம் போனபோது, சரிவின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்தேன். மலையில் ஊற்று வருவது அதிசயமில்லை. ஆனால் ஊற்றுத் தண்ணீர் தெளிவாக வரும். இது செம்மண் கரைசலாக வந்தது. மனசுக்குச் சரியாகப் படவில்லை. குடையை வைத்துவிட்டுச் சரிவில் ஏறினேன். மேலே சில்வர் ஓக் மரங்கள் இரண்டு மூன்று வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவற்றுக்கும் மேலே, புல்லுக்குள் மறைந்து, ஒரு விரிசல் ஓடியது. நேர்கோடாக அல்ல, அரிவாள் மாதிரி வளைந்து, சரியாக அந்த வீட்டை நடுவில் வைத்து. கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று.

ரோட்டை அகலப்படுத்தும்போது அந்தச் சரிவின் அடியை வெட்டியிருக்கிறார்கள். காலை வெட்டிவிட்டால் உடம்பு எத்தனை நாள் நிற்கும்? நிற்கவும் செய்யலாம். புல் வேர் பிடித்து, தண்ணீர் வேறு வழியில் போய், அப்படியே உறைந்துவிட்ட சரிவுகளையும் நான் பார்த்திருக்கிறேன். எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

தடுப்புச் சுவர் கட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சரிவைத் தாங்கும் சுவருக்கு வீட்டைவிட அதிகம் ஆகும்.

எங்கள் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் இங்கிருந்து என்ன சொல்ல? பார்த்தவர் நீங்க. கையெழுத்தும் உங்களோடது. யோசிச்சுச் செய்யுங்க" என்றார். ஊராட்சித் தலைவர், "மாசக் கடைசிக்குள்ள இத்தனை வீடு முடிக்கோணும்னு மேல இருந்து நெருக்கறாங்க சார். ஒரு விரிசலுக்குப் போயி நிறுத்தினா எப்புடிங்க?" என்றார். மாவட்டத்திலிருந்து மண் பரிசோதிக்கிறவரை வரவழைத்தேன். வந்து பார்த்தவர், "அடுத்த மழையிலும் வரலாம், உங்க ஆயுசு வரைக்கும் வராமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து யாரும் ஒரு முடிவுக்கும் வர முடியாது. முடிவு சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது.

நான் யோசித்தது இவ்வளவுதான். வீடு முடிந்தால் அந்தப் பெண் லீவுக்கு வருவாள். பின்பக்க அறையில், சரிவை ஒட்டிய சுவர்ப் பக்கம் படுத்துத் தூங்குவாள். மழை பெய்யும். அப்போது நான் ராசிபுரத்தில் என் வீட்டில் படுத்திருப்பேன். என்னால் தூங்க முடியுமா?

அடுத்த நாள் போய்ச் சொன்னேன். இரண்டு பேரும் செங்கல் நனைத்துக்கொண்டிருந்தார்கள். "இங்க வீடு கட்டக்கூடாதும்மா. மேல மண்ணு நகருது. நான் அடுத்த பில்லுக்குக் கையெழுத்துப் போடப் போறதில்ல. வேலைய நிறுத்திருங்க" என்றேன்.

பொன்னாயி அப்படியே நின்றுவிட்டார். செல்வராசுவுக்கு நான் சொன்னது கேட்கவில்லை. என் வாயையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்றாரு? சிமிட்டு வந்துருச்சா?" என்று கேட்டார்.

நான் கிட்டே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. பொன்னாயிதான் அவர் காதருகே போனார். மெதுவாகச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவருக்கு எதையுமே மெதுவாகச் சொல்ல முடியாதே.

"கட்டக்கூடாதாம்! ஊடு கட்டக்கூடாதாம்!"

ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வராசு கோபப்படவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "ஏனுங்க சார், உழுந்தா எங்க மேலதானுங்களே உழுகும்? நாங்க ஒத்துக்கறோமுங்க. எங்க வேணா எழுதித் தாரோமுங்க" என்றார்.

"உங்களுக்குச் சரி. உங்க பொண்ணு ஒத்துக்கிச்சா?" என்று அவர் காதருகே போய்க் கத்தினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொன்னாயிதான் கேட்டார்: "இந்த மலையில எந்த ஊடு சார் சரிவுல இல்ல? சொல்லுங்க. எங்க கொழுந்தன் மச்சாண்டாரு ஊடெல்லாம் சமவெளியிலயா இருக்குது? எங்களுக்கு மட்டும் ஏனுங்க இப்புடி?"

மற்ற வீடுகளுக்கு மேலே இப்படி விரிசல் இல்லையம்மா என்று ஏதோ சொன்னேன். அவர் அந்த விரிசலைப் போய்ப் பார்த்திருக்கவில்லை. பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை. பல வருட உழைப்பை விழுங்கப் போகிற ஒன்றை எதற்காக ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

வேலை நின்றது. மாற்று இடத்துக்குப் பட்டா கேட்டு மனு எழுதிக் கொடுத்து, நானே தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிப் போனேன். அவர்களுக்காக நான் பார்த்து வைத்திருந்த சமதளம் வனத்துறையுடையதா வருவாய்த் துறையுடையதா என்பதில் வழக்கு இருந்தது. இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் கேட்டது, அந்த ஆபீஸ் இன்னோர் ஆபீஸைக் கேட்டது. தங்களால் முடிந்ததை மறுபடியும் சேர்க்கலாம் என்று செல்வராசு திரும்ப ரிக் வண்டி ஏறினார். போகும் முன் யூனியன் ஆபீஸுக்கு வந்து என்னிடம், "வாரேன் சார். பட்டாவ மட்டும் பாத்துக்கங்க" என்றார். என்மேல் வருத்தம் இருப்பதாக அவர் முகம் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த மழைக்காலம் போயிற்று. சரிவு விழவில்லை. அடுத்த மழைக்காலமும் வந்தது.

அப்போதுதான் செய்தி வந்தது. வடக்கே ஏதோ ஓர் ஊரில் ரிக்கில் இரும்பு ராடு மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்று நழுவிச் சரிந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் "விலகு, விலகு" என்று கத்தியிருக்கிறார்கள். எல்லோரும் விலகினார்கள். செல்வராசுவுக்குக் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸில் உடலைக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் வெயிலாம், மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் போனபோது மத்தியானம். அண்ணன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, பந்தல் கட்டித் தயாராக இருந்தார்கள். வண்டி வந்து நின்றது. பொன்னாயி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இங்க எறக்காதீங்க. அவரு ஊட்டுக்குக் கொண்டு போங்க."

"ஏம்புள்ள, இது அவனூடு இல்லியா?" என்று அழுதார் அண்ணன்.

"இல்லீங்க மாமா. அவரு கட்டுன ஊடு அங்க கெடக்குது. கொஞ்ச நேரமாச்சும் அங்க வெக்கோணும்."

கூட்டத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஊராட்சித் தலைவர் அருகில் வந்து, "என்னங்க சார் பண்றது?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். மழை விட்டபாடில்லை. முந்தின வருடத்தைவிடப் பெரிய மழை. அந்தச் சரிவின் கீழே ஒரு குடும்பம் இருக்கக்கூடாது என்று சொன்னவன் நான். இப்போது ஊரே திரண்டு அங்கே போகப் போகிறது. வேண்டாம் என்றால் நிச்சயமாக அவர்கள் என் பேச்சை மீற மாட்டார்கள். அந்த மனிதரின் வீட்டை இரண்டாவது முறையும் நான் தடுத்ததாகிவிடும். சரி என்றால், நான் முதலில் சொன்னதற்கு என்ன அர்த்தம்? இதற்கெல்லாம் விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை, தம்பிகளா.

"கொண்டு போங்க. ஆனா கூட்டம் ரோட்டோட நிக்கோணும். தூக்கறவங்களும் வீட்டுக்காரங்களும் மட்டும் உள்ள போகட்டும். நான் ஒரு சத்தம் குடுத்தா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடியாரணும். அவரையும் விட்டுட்டு" என்றேன்.

அவர்கள் ரோட்டு வழியாக வந்தார்கள். நான் முன்னாலேயே ஓடிச் சரிவில் ஏறினேன். விரிசலுக்குப் பக்கவாட்டில், கெட்டியான பாறை ஒன்றின்மேல் நின்றுகொண்டேன். விரிசலுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் மழை. குச்சியைத் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது என்றுதான் நின்றேன். ஆனால் கீழே பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மேலிருந்து பார்த்தால் கூரையில்லாத வீடு வரைபடம் போலத் தெரியும். வாசல், முன்னறை, சமையல்கட்டு, பின்னறை. சுவர்மேல் பாசி படர்ந்திருந்தது. முன்னறையில் அவரை இறக்கினார்கள். நான்கு பேர் ஒரு தார்ப்பாயின் நான்கு முனைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் அந்த வீட்டுக்கு வந்த ஒரே கூரை. கௌசல்யா அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்தாள். பொன்னாயி தலைமாட்டில் குனிந்து, அவர் காதருகே வாயை வைத்தார். அவர் உயிரோடிருந்தபோது எப்படிக் கத்துவாரோ, அதே குரலில் கத்தினார். மழையை மீறி மேலே எனக்குக் கேட்டது.

"ஊட்டுக்கு வந்தாச்சுங்க! நம்மூட்டுக்கு வந்தாச்சு! கேக்குதுங்களா?"

நான் குச்சியைப் பார்த்தேன். அது அசையவில்லை.

எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்று தெரியாது. பிறகு தூக்கினார்கள். கடைசி ஆள் ரோட்டுக்குப் போகும் வரை நின்றுவிட்டு இறங்கினேன். எதுவும் நடக்கவில்லை. ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை.

பட்டா வந்தது, அவர் போன பிறகு. ரிக் முதலாளி கொடுத்த இழப்பீட்டை வைத்து, அந்தச் சமதளத்தில் வீடு எழும்பியது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கையெழுத்துப் போட்ட கடைசி வீடுகளில் அது ஒன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் நானே போனேன். பால் காய்ச்சும் நாளுக்கும் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன், போனேன். கௌசல்யா நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். அவள்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். விருந்தாளிகள் போன பிறகு பொன்னாயி எனக்கு ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "நல்ல இடம்மா இது. எத்தன மழை பேஞ்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"அங்கயும் ஒண்ணும் ஆகலீங்களே சார்" என்றார்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. உள்ளதைச் சொன்னார். பிறகு அவரே சொன்னார்: "மழ பெய்யறப்பெல்லாம் அது உழுகோணும்னு நெனைக்கறனுங்க. உழுந்துட்டா, நல்லவேள தப்பிச்சோம்னு ஆறிக்கலாம். நின்னுக்கிட்டே இருக்குது பாருங்க. அதத்தான் தாங்க முடியல."

உங்களிடம் இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் நினைத்ததை நானும் நினைத்திருக்கிறேன். ராசிபுரத்தில் பெருமழை பெய்யும்போதெல்லாம் மலையில் தெரிந்தவர்களுக்குப் போன் செய்து, அந்தச் சரிவு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். யாருக்கும் எதுவும் ஆகிவிடக்கூடாதே என்ற கவலையில் கேட்பதாகத்தான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது கவலை மட்டுமில்லை. விழுந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல மாட்டாரா என்ற ஏக்கமும்தான். விழுந்தால் நான் சொன்னது சரி என்றாகும். நீங்கள் அனுமதித்த வீடு இடிந்தால் உலகமே வந்து உங்களைக் கேட்கும். நீங்கள் தடுத்த வீட்டுக்காக, நீங்கள் செய்தது சரிதான் என்று சாட்சி சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். மலையும் வராது. அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு, தடுக்கப்பட்டவர்கள் எதை இழந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அதை மறந்தவர்களுக்குத் தடுப்பது ரொம்பச் சுலபமாகிவிடும்.

பால் ஆறிப்போயிருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தேன். பொன்னாயி வாசல் வரை வந்தார். படியில் நின்று என்னிடம் கேட்டார்:

"மறுக்கா அதே எடத்துல நாங்க நின்னு கேட்டா, என்னங்க சார் சொல்லுவீங்க?"

அந்தம்மா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "கட்டக்கூடாதுன்னுதாம்மா சொல்லுவேன்" என்றேன்.

"சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க" என்றார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.